பள்ளியில் படிக்கும்போதே சட்டத்துறையில் அனுபவம் பெறுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்குப் பதினைந்து, பதினாறு வயதிலேயே வந்துவிடுகிறது. அந்த வயதில் இந்தத் துறையை அருகில் சென்று பார்க்க வழி உண்டா என்று மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே எங்கும் பொருந்தக்கூடிய செய்திகளை முதன்மையாகச் சொல்லி, தேவையான இடங்களில் மட்டும் சில நாடுகளின் நடைமுறையை எடுத்துக்காட்டாகச் சேர்த்திருக்கிறேன்.

பள்ளி மாணவருக்குச் சட்டத்துறையில் "பணி அனுபவம்" என்றால் அதன் பொருள் என்ன? வக்கீல் வேலையையே செய்ய முடியுமா?

முடியாது. பெரும்பாலான நாடுகளில் நீதிமன்றத்தில் பிறருக்காக வழக்காடும் உரிமை, சட்டம் படித்து முறைப்படி பதிவு பெற்றவர்களுக்கே உண்டு. மாணவருக்குக் கிடைப்பது மூன்று வகையான வாய்ப்புகள்: வழக்கறிஞர் ஒருவருடன் சில நாள்கள் உடனிருந்து அவர் செய்வதைக் கவனிப்பது, அலுவலகத்தில் மேற்பார்வையுடன் சிறு பணிகளைச் செய்து பழகுவது, நீதிமன்றத்துக்குப் பொதுமக்களில் ஒருவராகச் சென்று விசாரணையைப் பார்ப்பது. இவற்றில் மூன்றாவதற்கு யாருடைய சிபாரிசும் தேவையில்லை. ஆனாலும் பலர் முதல் இரண்டையும் தேடி மாதக்கணக்கில் அலைந்துவிட்டு, மூன்றாவதை நினைத்துப் பார்ப்பதேயில்லை. இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்ப வலியுறுத்தப் போவது அதைத்தான்: நீதிமன்றத்தின் கதவு முன்பே திறந்திருக்கிறது, அங்கிருந்து தொடங்குங்கள்.

எந்த வயதிலிருந்து இதற்கு அனுமதி உண்டு? இது குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு முரணாகாதா?

கூலிக்கு வேலை செய்வதும் கற்பதற்காக உடனிருந்து பார்ப்பதும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1973இல் ஏற்ற 138ஆம் உடன்படிக்கை, வேலைக்கான குறைந்தபட்ச வயதைக் கட்டாயக் கல்வி முடியும் வயதோடு இணைத்து, அது பொதுவாக 15க்குக் கீழே போகக்கூடாது என்று வைத்தது. பொருளாதாரத்திலும் கல்வி வசதியிலும் இன்னும் வளர்ச்சி பெறாத நாடுகள் தொடக்கத்தில் 14 என்று வைத்துக்கொள்ள இடமளித்தது. படிப்பையும் உடல்நலத்தையும் கெடுக்காத இலகுவான வேலைகளை 13 முதல் 15 வயதுள்ளவர்களுக்கு அனுமதிக்கலாம் என்றும் சொன்னது. பள்ளிகளில் கல்வியின் பகுதியாக நடக்கும் பயிற்சி இந்த உடன்படிக்கைக்குள் வராது என்று அதன் 6ஆம் பிரிவு தெளிவாகவே கூறுகிறது. 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 32ஆம் பிரிவும், படிப்புக்கு இடையூறான வேலையிலிருந்து குழந்தைகளைக் காக்க வேண்டும் என்கிறது.

நடைமுறையில் இதன் பொருள் என்னவென்றால், பள்ளி வழியாகவோ பள்ளியின் எழுத்து மூலமான ஒப்புதலோடோ செல்வதே பாதுகாப்பானது. சொந்தமாக ஏற்பாடு செய்துகொள்வதானால், உங்கள் நாட்டில் எந்த வயதினர், எத்தனை மணி நேரம், எந்த நேரங்களில் இருக்கலாம் என்ற விதிகளைப் பள்ளியிலோ தொழிலாளர் துறையிலோ முன்கூட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். என் கருத்தில் 15 அல்லது 16 வயதுக்கு முன் அலுவலகத்துக்குள் செல்ல அவசரப்பட வேண்டியதில்லை. அதற்கு முந்தைய வயதில் பெரியவர் ஒருவருடன் சென்று நீதிமன்றத்தைப் பார்ப்பதே போதும்.

எங்கள் குடும்பத்தில் வக்கீல் யாரும் இல்லை. யாரையும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

நீதிமன்றத்தின் பார்வையாளர் இருக்கையிலிருந்து தொடங்குங்கள். நீதி விசாரணை பலர் அறிய நடக்க வேண்டும் என்பதை 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 10ஆம் பிரிவும், 1966ஆம் ஆண்டின் குடிமை மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையின் 14ஆம் பிரிவும் சொல்கின்றன. வேடிக்கை பார்க்க வரும் எவருக்கும் அந்த உரிமை இருக்கும்போது, கற்றுக்கொள்ள வரும் மாணவருக்கு இல்லாமல் போகாது.

முதல் நாள் செல்பவருக்கு ஏமாற்றம் ஏற்படுவது இயல்பு. திரைப்படத்தில் பார்த்த வாதமும் உணர்ச்சிப் பெருக்கும் அங்கே இருக்காது. காலையில் அன்றைய வழக்குகளின் பட்டியல் பலகையிலோ திரையிலோ இருக்கும். ஒரு வழக்கின் எண்ணைக் கூப்பிடுவார்கள். இரு தரப்பு வக்கீல்களும் எழுந்து நிற்பார்கள். ஒருவர் இரண்டு வரி சொல்வார், மற்றவர் ஒரு வரி சொல்வார், நீதிபதி ஒரு தேதியைக் குறிப்பார், அடுத்த எண்ணைக் கூப்பிடுவார்கள். இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்து, அந்த வழக்கு அடுத்த வாய்தாவுக்குப் போயிருக்கும். இப்படி வரிசையாகப் பத்து வழக்குகள் போனால், இங்கே ஒன்றுமே நடக்கவில்லையே என்றுதான் தோன்றும்.

ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் நடந்தது என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளத் தொடங்கினால் நிலைமை மாறிவிடும். ஒவ்வொரு வழக்குக்கும் மூன்றே வரிகள் எழுதுங்கள்: யார் நீதிபதியிடம் எதைக் கேட்டார், என்ன காரணம் சொல்லிக் கேட்டார், நீதிபதி என்ன செய்தார். சாட்சி வரவில்லை, ஆவணத்தின் நகல் எதிர்த்தரப்புக்குக் கொடுக்கப்படவில்லை, கட்சிக்காரர் (வக்கீலை அமர்த்தி வழக்கு நடத்துபவர்) சமரசம் பேச அவகாசம் கேட்கிறார் என்று காரணங்கள் வந்துகொண்டே இருக்கும். ஒரு வழக்கு ஏன் இழுக்கிறது என்பதை மேடைப் பேச்சுகளில் கேட்பதைவிட இந்தக் குறிப்புகளிலிருந்து தெளிவாகப் புரிந்துகொள்ளலாம்.

அதன் பிறகு, சாட்சி விசாரணை நடக்கும் கீழமை நீதிமன்றம் ஒன்றைத் தேடிச் செல்லுங்கள். மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் பெரும்பாலும் ஆவணங்களையும் முன் தீர்ப்புகளையும் வைத்து வாதம் நடக்கும், சாட்சிகள் வருவது அரிது. சாட்சிக் கூண்டில் ஒருவர் நின்று பதில் சொல்லும்போது, அவரை அழைத்த தரப்பின் வக்கீல் "பிறகு என்ன நடந்தது?" என்பது போன்ற கேள்விகளால் அவரைப் பேச விடுவார். குறுக்கு விசாரணை செய்யும் எதிர்த்தரப்பு வக்கீலோ ஆம், இல்லை என்ற பதிலைத் தவிர வேறொன்றுக்கு இடம் தராத சிறு சிறு கேள்விகளாகக் கேட்பார். இந்த வேறுபாட்டை ஒருமுறை நேரில் கேட்டுவிட்டால், பின்னாளில் சாட்சியச் சட்டத்தைப் படிக்கும்போது அந்தக் குரல்களே நினைவுக்கு வரும்.

எல்லா வழக்குகளையும் பார்க்க அனுமதி உண்டா?

இல்லை. குழந்தைகள் சம்பந்தப்பட்டவை, பாலியல் குற்றங்கள், மண விவகாரங்கள் போன்றவை பல நாடுகளில் மூடிய அறையில் நடைபெறும். மேலே சொன்ன 1966ஆம் ஆண்டின் உடன்படிக்கையே இத்தகைய விதிவிலக்குகளை ஏற்கிறது. பார்வையாளருக்கு வயது வரம்பும் இருக்கலாம். லண்டனில் ஓல்ட் பெய்லி என்று அழைக்கப்படும் மத்தியக் குற்றவியல் நீதிமன்றத்தின் பார்வையாளர் மாடத்தில் 14 வயதுக்குக் குறைந்தவர்களை அனுமதிப்பதில்லை. வாசலில் இருக்கும் பணியாளரிடம், "நான் பள்ளி மாணவர், விசாரணையைப் பார்க்க வந்திருக்கிறேன், எந்த அறையில் உட்காரலாம்?" என்று நேராகக் கேட்பதே சிறந்த வழி. எந்த அறையில் அன்று பார்க்கத் தகுந்த விசாரணை நடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

நீதிமன்றத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

அடக்கமான உடை, அணைத்து வைத்த கைபேசி, வாய்மூடிய கவனம், நீதிபதி வரும்போதும் எழும்போதும் எழுந்து நிற்பது ஆகியவை போதும். இவற்றில் கைபேசியைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. படம் எடுப்பதும் ஒலிப்பதிவு செய்வதும் பல நாடுகளில் குற்றம். இங்கிலாந்தில் 1925ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, நீதிமன்றத்துக்குள் புகைப்படம் எடுப்பதோடு அங்கிருப்பவர்களைப் படமாக வரைவதையும் சேர்த்துத் தடை செய்தது. அதனால்தான் அங்குள்ள நீதிமன்ற ஓவியர்கள் வெளியே வந்து, நினைவிலிருந்து வரைகிறார்கள். விளையாட்டாக எடுத்த ஒரு படம் அவமதிப்பு வழக்கில் கொண்டுபோய் விடக்கூடும் என்பதால், கைபேசியைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே வேண்டாம். குறிப்பெடுக்கத் தாளும் பேனாவும் கொண்டு செல்லுங்கள். சில இடங்களில் அதற்கும் அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

நீதிமன்றம் தொலைவில் இருக்கிறது, அல்லது பள்ளி நேரத்தில் போக முடியவில்லை. வேறு வழி உண்டா?

உண்டு. இந்திய உச்ச நீதிமன்றம் விசாரணைகளை நேரலையில் காட்டலாம் என்று 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்தது; 2022 செப்டம்பர் 27 அன்று அரசியல் சாசன அமர்வுகளின் (அரசியல் சாசனம் பற்றிய முக்கியக் கேள்விகளை ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நீதிபதிகள் விசாரிப்பவை) நேரலை தொடங்கியது. அந்த 2018ஆம் ஆண்டு வழக்கில் மனுதாரர்களுள் ஒருவர் சட்டக் கல்லூரி மாணவர் என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிரிட்டனின் உச்ச நீதிமன்றமும் தன் விசாரணைகளை இணையத்தில் ஒளிபரப்புகிறது. ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007 முதல் தன் பொது விசாரணைகளைப் பதிவுசெய்து வெளியிட்டு வருகிறது. ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றத்தில் நாடுகள் தமக்குள் வழக்காடுவதையும் இணையத்தில் பார்க்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் கேமராவுக்கு அனுமதி இல்லை என்றாலும், 2020 மே முதல் வாதங்களின் ஒலியை நேரலையில் கேட்க முடிகிறது.

இவற்றைப் பார்க்கும்போது ஒரு வழக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, வாதம் முடிந்தபின் தீர்ப்பு வரும்வரை காத்திருந்து, அந்தத் தீர்ப்பையும் படித்துவிடுங்கள். நீதிபதி வாதத்தின்போது கேட்ட கேள்வி தீர்ப்பில் எந்தப் பத்தியாக மாறியிருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது மிக நல்ல பயிற்சி.

வழக்கறிஞர் அலுவலகத்தில் இடம் கேட்பதானால் பெரிய நிறுவனத்தை அணுகலாமா, சிறிய அலுவலகத்தையா?

இரண்டையும் அணுகலாம். பெரிய நிறுவனங்களில் சில, பள்ளி மாணவர்களுக்கென்றே ஆண்டுதோறும் திட்டங்கள் நடத்துகின்றன. அவற்றுக்கு இணையத்தில் விண்ணப்பமும் கடைசித் தேதியும் இருக்கும், போட்டியும் கடுமையாக இருக்கும். வசதி குறைந்த குடும்பங்களிலிருந்தோ, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லப் போகிறவர்களிடமிருந்தோ வரும் விண்ணப்பங்களுக்கு முன்னுரிமை தரும் திட்டங்களும் உள்ளன. இந்த நிலையில் இருப்பவர்கள் அதைக் கூச்சப்படாமல் விண்ணப்பத்தில் எழுத வேண்டும்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பள்ளி மாணவருக்குச் சிறிய அலுவலகமே சிறந்தது என்பேன். ஒருவர் அல்லது இருவர் மட்டும் நடத்தும் அலுவலகத்தில் காலையில் வாடகைத் தகராறு வரும், மதியம் உயில் எழுத ஒருவர் வருவார், மாலையில் விபத்து இழப்பீட்டுக்காகக் குடும்பமே வந்து உட்காரும். பல ஆண்டு அனுபவமுள்ள குமாஸ்தா ஒருவர் அங்கே இருந்தால் அது பெரிய பேறு. எந்த மனுவை எந்தப் பிரிவில் தாக்கல் செய்ய வேண்டும், எது சரியாக இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதை அவரளவுக்குச் சொல்லிக்கொடுக்க யாராலும் முடியாது. அவரிடம் மரியாதையோடு கேட்டுக் கற்றுக்கொள்ளும் மாணவர், சட்டக் கல்லூரி முதலாண்டில் கிடைக்காத பாடத்தை அங்கே பெற்றுவிடுவார்.

கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

குறைவாக எழுதுங்கள், குறிப்பாக எழுதுங்கள். "சட்டத்தின் மீது எனக்குச் சிறு வயது முதலே தீராத ஆர்வம்" என்று தொடங்கும் கடிதங்கள் ஏராளமாக வருகின்றன. படிப்பவருக்கு அதிலிருந்து எதுவும் தெரிவதில்லை. ஏறத்தாழ இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் பதினோராம் வகுப்பு மாணவி. கடந்த விடுமுறையில் உரிமையியல் நீதிமன்றத்தில் பார்வையாளராக இருந்து, வாடகை வழக்கு ஒன்றில் குறுக்கு விசாரணையைக் கவனித்தேன். அந்த விசாரணைக்கு வக்கீல் எவ்வாறு ஆயத்தம் செய்கிறார் என்பதை அறிய விரும்புகிறேன். வரும் விடுமுறையில் மூன்று நாள்கள் தங்கள் அலுவலகத்தில் உடனிருந்து கவனிக்க அனுமதி தர இயலுமா? அங்கு காண்பதையும் கேட்பதையும் வெளியில் சொல்லமாட்டேன் என்று எழுதித் தருகிறேன். என் பெற்றோரின் ஒப்புதலும் பள்ளியின் கடிதமும் இணைக்கப்பட்டுள்ளன. மூன்று நாள்கள் இயலாவிட்டால், கால் மணி நேரம் தங்களைச் சந்தித்துச் சில கேள்விகள் கேட்க வாய்ப்பளித்தாலும் நன்றியுடையவளாவேன்."

இதில் கடைசி வாக்கியம் முக்கியமானது. மூன்று நாள் இடம் தர முடியாதவர்களில் பலர் கால் மணி நேரம் பேச இசைவார்கள். அந்தச் சந்திப்பு நல்லபடியாக முடிந்தால், "ஒரு நாள் கோர்ட்டுக்கு வா, பார்க்கலாம்" என்று அவர்களே சொல்வதுண்டு. கடிதத்தை மாணவரே எழுத வேண்டும், பெற்றோர் எழுதக்கூடாது. இரண்டு வாரம் வரை பதில் வராவிட்டால் ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவரை அணுகுங்கள். வக்கீல் அலுவலகத்தில் கடிதங்களுக்குப் பதில் எழுத நேரம் கிடைப்பது அரிது. மௌனத்தை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வக்கீல் அலுவலகத்தைத் தவிர வேறு எங்கே இத்தகைய அனுபவம் கிடைக்கும்?

இலவச சட்ட உதவி மையங்கள், நுகர்வோர் அமைப்புகள், தொழிற்சங்கங்கள், மனித உரிமை அமைப்புகள், நிறுவனங்களின் சட்டப் பிரிவுகள், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்கள், ஆவணப் பதிவு அலுவலகங்கள் என்று சட்டத்தோடு நாள்தோறும் புழங்கும் இடங்கள் பல. இவற்றில் சட்ட உதவி மையங்களையே முதலில் நாடச் சொல்வேன். பணம் கட்டி வக்கீல் வைக்க முடியாதவருக்கு எந்தக் காகிதம் இல்லாததால் உரிமை தவறிப்போகிறது என்பதை அங்கேதான் பார்க்க முடியும். வரிசையை ஒழுங்குபடுத்துவது, துண்டறிக்கை வழங்குவது போன்ற எளிய தொண்டுகளுக்கு அங்கே ஆள் தேவைப்படும்.

அமெரிக்காவில் பதின்ம வயதினர் நீதிமன்றங்கள் என்ற ஓர் ஏற்பாடு உண்டு. சிறு குற்றம் செய்து அதை ஒப்புக்கொண்ட இளையோருக்கு என்ன பொறுப்பு விதிக்கலாம் என்பதை அவர்களின் வயதொத்தவர்களே ஜூரிகளாக அமர்ந்து, வக்கீல்களாக நின்று, பெரியவர்களின் மேற்பார்வையில் முடிவு செய்கிறார்கள். பள்ளி மாணவர் உண்மையான ஒருவருக்காக எழுந்து பேசக் கிடைக்கும் மிக அரிய இடம் அது.

அலுவலகத்தில் என்ன வேலை தருவார்கள்?

முதல் நாள் பெரும்பாலும் கட்டு அடுக்குவதுதான். வழக்கின் ஆவணங்களைத் தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டு, முகப்பில் பொருளடக்கம் எழுதுவது இதில் அடங்கும். இதைக் கீழான வேலை என்று நினைக்கும் மாணவர் நல்லதொரு வாய்ப்பை இழக்கிறார். நீதிபதி 47ஆம் பக்கத்தைத் திருப்பும்போது வக்கீலின் கையிலும் எதிர்த்தரப்பின் கையிலும் அதே தாள் இருக்க வேண்டும்; ஓர் எண் தவறினால் வாதமே தடுமாறும்.

அதைவிடச் சிறந்த வேலை, நிகழ்ச்சிகளைத் தேதிவாரியாகப் பட்டியலிடுவது. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடிதத்தின் மேல் 3ஆம் தேதி என்றிருக்கிறது. உறையின் மீதுள்ள அஞ்சல் முத்திரை 11ஆம் தேதி என்கிறது. பெற்றுக்கொண்டவரின் கையெழுத்து 14ஆம் தேதியில் இருக்கிறது. நோட்டீஸ் காலம் எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதைப் பொறுத்து, வழக்கு உரிய காலத்தில் போடப்பட்டதா, அவசரப்பட்டுப் போடப்பட்டதா என்பதே மாறிவிடும். இந்த மூன்று தேதிகளையும் தனித்தனியே பட்டியலில் எழுதி, பக்க எண்ணையும் குறித்துக் கொடுக்கும் மாணவரை எந்த வக்கீலும் மறக்கமாட்டார்.

செய்யக்கூடாதவையும் உண்டு. கட்சிக்காரருக்கு நீங்களாக எந்த யோசனையும் சொல்லக்கூடாது. "ஜெயித்துவிடுவோமா தம்பி?" என்று ஒருவர் ஏக்கத்தோடு கேட்டாலும், "அதை ஐயாதான் சொல்ல வேண்டும், அவரிடம் சொல்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். யாருடைய கையெழுத்துக்கும் சாட்சியாகக் கையெழுத்திடக்கூடாது. பணம் வாங்குவது, கொண்டு செல்வது ஆகியவற்றிலும் ஈடுபட வேண்டாம்.

ரகசியம் காப்பது பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு மாணவருக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும்?

முழுமையாகப் பொருந்தும். கட்சிக்காரர் தன் வக்கீலிடம் அஞ்சாமல் உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அது வெளியே போகாது என்ற உறுதி வேண்டும். அந்த உறுதி அலுவலகத்தில் உள்ள ஒவ்வொருவரையும் கட்டுப்படுத்தாவிட்டால் அதற்குப் பயனில்லை. இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம், 126ஆம் பிரிவில் வக்கீலுக்கு விதித்த இந்தக் கடமையை 127ஆம் பிரிவில் மொழிபெயர்ப்பாளருக்கும் குமாஸ்தாவுக்கும் பணியாளருக்கும் விரித்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது. மாணவர் சம்பளம் வாங்குகிறாரா இல்லையா என்பது கட்சிக்காரருக்கு ஒரு பொருட்டல்ல. தன் கதை வெளியே போனதா என்பதே அவருக்கு முக்கியம்.

இதை அன்றாட நடத்தையாக மாற்றிப் பார்த்தால் சில விதிகள் வரும். ஆவணம் எதையும் வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. இன்று யார் வந்தார்கள் என்பதை நெருங்கிய நண்பரிடமும் சொல்லக்கூடாது; பிரபலமானவர் ஒருவர் வந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. அலுவலகத்தில் எடுத்த தற்படத்தின் பின்னணியில் மேசையிலுள்ள கட்டின் பெயர் தெரிந்தால்கூட அது மீறல்தான். புரியாத ஆவணத்தைச் செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலியில் ஒட்டி விளக்கம் கேட்பது இப்போது மாணவர்களுக்கு மிக இயல்பான பழக்கம் ஆகிவிட்டது. கட்சிக்காரரின் காகிதத்தை அப்படி ஒட்டுவது அதை வெளியாரிடம் கொடுப்பதற்குச் சமம். புரியாததை அங்கே இருக்கும் மனிதரிடம் கேளுங்கள்.

இன்னொன்றும் பலருக்குத் தோன்றுவதில்லை. கட்டில் உள்ள பெயர்களில் ஒன்று உங்களுக்குத் தெரிந்தவருடையதாக இருந்தால், அதாவது பள்ளித் தோழியின் தந்தை, பக்கத்து வீட்டார், உறவினர் என்று யாராக இருந்தாலும், மேற்கொண்டு படிக்காமல் கட்டை மூடிவிட்டு உடனே வக்கீலிடம் சொல்லிவிட வேண்டும். அவர் அந்த வழக்கிலிருந்து உங்களை விலக்கி வைப்பார். இப்படித் தாமாக வந்து சொல்வது அந்த மாணவர் மீதுள்ள நம்பிக்கையை உயர்த்தும்.

சம்பளம் கேட்கலாமா? சில இடங்களில் நம்மையே பணம் கட்டச் சொல்கிறார்களே?

சில நாள்கள் உடனிருந்து கவனிப்பதற்குச் சம்பளம் எதிர்பார்ப்பது வழக்கமில்லை. பயணச் செலவையும் மதிய உணவையும் சில அலுவலகங்கள் ஏற்கும், அதைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் நாள்தோறும் குறித்த நேரத்துக்கு வந்து, அலுவலகத்துக்குத் தேவையான வேலையை ஒரு பணியாளரைப் போலச் செய்யச் சொன்னால், அதைக் கற்றல் என்று சொல்லிச் சமாளிக்க முடியாது. அங்கே தொழிலாளர் சட்டமும் குறைந்தபட்ச வயதும் கூலியும் பேச்சுக்கு வந்துவிடும். சட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர்களின் அலுவலகத்திலேயே அந்தக் கோடு மீறப்படுவது பெரும் வருத்தத்துக்குரியது.

பணம் வாங்கிக்கொண்டு இடம் பிடித்துத் தருவதாகவும், வராமலே சான்றிதழ் தருவதாகவும் சொல்பவர்களிடம் செல்ல வேண்டாம். பொய்ச் சான்றிதழோடு நேர்மையைக் கோரும் தொழில் ஒன்றுக்குள் நுழைய முயல்வது எவ்வளவு பெரிய முரண் என்பதை மாணவரிடம் பெற்றோர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

எங்கும் இடம் கிடைக்கவில்லை. இனி என்ன செய்வது?

மாதிரி நீதிமன்றப் போட்டிகளில் சேருங்கள். பள்ளியில் இல்லையென்றால் ஆசிரியர் ஒருவரின் துணையோடு நீங்களே ஒன்றை நடத்துங்கள். ஒரு வழக்கின் கதை, இரண்டு தரப்பு, தரப்புக்கு இரண்டு சாட்சி, ஒரு நீதிபதி என்று பத்துப் பேர் இருந்தால் நடத்திவிடலாம். பாதி வழியில் தரப்புகளை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். தான் இதுவரை மறுத்துவந்த வாதத்தையே எழுந்து நின்று ஆதரிக்க வேண்டி வரும்போது, மாணவருக்கு இந்தத் தொழிலின் இயல்பு சட்டென்று விளங்கிவிடும்.

மேற்படிப்புச் சேர்க்கைக்கு இந்த அனுபவம் உதவுமா?

நாட்டைப் பொறுத்தது. இந்தியாவில் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப் படிப்பில் சேரலாம். சேர்க்கை பெரும்பாலும் நுழைவுத் தேர்வையோ மதிப்பெண்ணையோ வைத்து நடப்பதால், அங்கே இந்த அனுபவம் சேர்க்கைக்கென்று எண்ணப்படுவதில்லை. அமெரிக்காவில் வேறொரு பட்டம் பெற்ற பின்னரே மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்குப் போக முடியும் என்பதால் பள்ளிக் காலத்தில் அவசரமே இல்லை. இங்கிலாந்தில் பள்ளி முடித்த கையோடு சொலிசிட்டர் (கட்சிக்காரருக்கு நேரடியாகச் சட்ட ஆலோசனை தந்து ஆவணங்களை ஆயத்தம் செய்யும் வழக்கறிஞர்) அலுவலகத்தில் சம்பளத்துடன் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் பயின்று தகுதி பெறும் வழியும் இருக்கிறது. அங்கே இந்த அனுபவத்துக்கு நேரடியான மதிப்பு உண்டு. எங்கே ஆனாலும், நேர்முகத் தேர்வில் அலுவலகத்தின் பெயரைச் சொல்வதைவிட, அங்கே கவனித்த ஒரு செய்தியைப் பெயர்களை நீக்கி விளக்கமாகச் சொல்வதே கேட்பவரின் மனத்தில் நிற்கும்.

பெற்றோராக நாங்கள் முன்கூட்டி எதைக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும்?

பிள்ளைக்குப் பொறுப்பான பெரியவர் யார் என்பதைப் பெயரோடு கேளுங்கள். வரும் நேரம், போகும் நேரம், வெளியே அழைத்துச் சென்றால் முன்கூட்டிச் சொல்வார்களா, அலுவலகக் காப்பீடு பிள்ளைக்கும் பொருந்துமா என்பவற்றையும் கேளுங்கள். கட்சிக்காரருடன் தனியறையில் பிள்ளையை விடக்கூடாது, காவல் நிலையத்துக்கோ சிறைக்கோ அனுப்பக்கூடாது, இரவில் தனிப்பட்ட செய்திகள் அனுப்பக்கூடாது என்பவற்றை நீங்களே சொல்லிவிடலாம். நல்ல அலுவலகம் இதற்குக் கோபித்துக்கொள்ளாது.

வழக்கு ஒன்றைக் கேட்டுவிட்டு என் மகள் மனம் கலங்கி வீடு திரும்பினாள். என்னவென்று கேட்டால், ரகசியம் என்கிறாள். நான் என்ன செய்வது?

அவள் தன் வாக்கைக் காப்பாற்றுகிறாள் என்பதை முதலில் மதியுங்கள். பெயரையும் ஊரையும் வழக்கின் விவரத்தையும் கேட்காமல், "உனக்கு எது கஷ்டமாக இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். தன் மனநிலையைச் சொல்வதை எந்த ரகசியமும் தடுப்பதில்லை. மறுநாள் அவளுக்குப் பொறுப்பான வக்கீலிடம் அவளே பேசட்டும். விவரம் தெரிந்தவர் அவர், ஆகவே அவரிடம் தயக்கமின்றிப் பேசலாம். வன்முறை, மரணம், குழந்தைகள் மீதான கொடுமை ஆகியவை கொண்ட வழக்குகளிலிருந்து விலகியிருக்க விரும்புவதாகச் சொன்னால் அதை எவரும் குறையாகக் கொள்ளமாட்டார்கள்.

இன்னொரு வகைக் கலக்கமும் உண்டு. அலுவலகத்தில் உள்ள ஒருவரோ, அங்கு வந்த ஒருவரோ பிள்ளையிடம் தகாத முறையில் பேசியிருந்தாலோ நடந்துகொண்டிருந்தாலோ, அதை வெளியே சொல்வது ரகசியத்தை மீறுவதாகாது. மாணவர் காக்க வேண்டியது கட்சிக்காரரின் விவரங்களை மட்டுமே. தனக்கு நேர்ந்ததை வீட்டிலும் பள்ளியிலும் சொல்லும் உரிமை அவருக்கு எப்போதும் உண்டு. பயம் காரணமாகச் சில பிள்ளைகள் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்துவிடுவதுண்டு. ஆகவே ரகசிய உறுதிமொழியில் கையெழுத்திடும் முதல் நாளன்றே, அலுவலகத்தில் பொறுப்பானவரின் முன்னிலையில், இந்த வேறுபாட்டைப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்லிவிடுங்கள்.